நிறைகிண்ணத் தேநீர்

கரகோல்,
மார்ச் 9

அன்புத் தம்பி எர்மெக்கிற்கு, அக்கா ஜீபெக் எழுதுவது. ஓம்ஸ்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே ஏரிக்காற்று என் முழங்காலைப் படுத்துகிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

நம் தங்கை சல்கினை மனநலக் காப்பகத்தில் சேர்க்க நீ கையெழுத்திட்டு அனுப்பிய தாள் வந்துவிட்டது. என் கையெழுத்துதான் பாக்கி என்று மூன்று முறை போன் செய்துவிட்டாய். போனில் என்னை எங்கே பேசவிடுகிறாய்? அதனால்தான் கடிதம்.

மனநல மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்கு நடத்திய வாழ்க்கைத்திறன் வகுப்பில் அவள் சேர்ந்தபோது, "சின்னப்புள்ள விளையாட்டு, ரெண்டே மாசத்துல மறந்துடுவா" என்று கேலி செய்தாய். நானும் கூடச் சிரித்தவள்தான். வகுப்பு முடிந்து இரண்டு வருடமாகிறது. இன்னமும் மாத்திரையைக் கிழமைவாரியாகப் பிரித்து வைக்கிறாள். சந்தைக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போகிறாள். லக்மான் நூடுல்ஸ் மட்டும் இன்றும் குழைந்துதான் போகிறது. அதை எந்த வகுப்பாலும் திருத்த முடியாது.

ஆனாலும் நான் நம்பவில்லை. தினமும் காலையில் என்னிடமுள்ள சாவியால் அவள் வீட்டைத் திறந்து உள்ளே போவேன். அடுப்பைப் பார்ப்பேன், மாத்திரையை எண்ணுவேன். போன செவ்வாய்க்கிழமை அலமாரியையும் குடைந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றி வைத்தாள். ஓம்ஸ்க் போய் நீ மறந்திருந்தால் சொல்கிறேன்: நம்மிடையே வேண்டிய விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான், நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். கூடப்பிறந்தவளுக்கே நிறைகிண்ணமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மறுபடியும் புத்தி பேதலிச்சுப் போச்சாடி?" என்று கத்திவிட்டேன்.

முன்பென்றால் கிண்ணம் சுவரில் உடைந்திருக்கும். இப்போது, "தெரிஞ்சுதான் ஊத்தினேன்க்கா. நீ வர்றது எனக்குப் பிடிக்கும். ஆனா கதவத் தட்டிட்டு வா. மாத்திரைய நான் எண்ணிக்கிறேன்" என்றாள். குரல் நடுங்கினாலும், சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தாள். பிடிக்காததைச் சண்டை போடாமல் சொல்வதும் அந்த வகுப்பில் ஒரு பாடமாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் அது கைவரவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன், எர்மெக். வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. மறுநாள் கதவைத் தட்டி, சாவியை அவளிடமே கொடுத்தேன்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. ஜூனில் நீ வருவதாகச் சொன்னதும், "என்னைப் பாக்க வரானா, கூட்டிட்டுப் போக வரானா?" என்று கேட்டாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நீ நன்றாயிருப்பாய் தம்பி, "பார்க்கத்தான் வருகிறேன்" என்று உன் கையால் அவளுக்கு ஒரு வரி எழுது.

உன் நலம் வேண்டும் அக்கா,
ஜீபெக்