கொடும்பாவிக்கு நீ அழுதது

இன்று கேன்டீன் டிவியில் மறுபடியும் அந்தப் பேச்சு. எல் நினோவாம், எங்கோ பசிபிக் கடல் சூடாகிவிட்டதாம், அதனால்தான் இந்த ஆவணியிலும் மழை இல்லையாம். தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "கடல் எங்கியோ சூடானா நம்ம ஏரிக்கு இன்னாடி வந்துச்சு?" என்று முன்பு இதே டிவி முன்னால் நீ கேட்டது காதிலேயே நின்றது.

நீ அப்படிக் கேட்ட வருஷமும் இப்படித்தான். ஏரி வெடித்துக் கிடந்தது. ஊரில் கொடும்பாவி இழுப்பது என்று முடிவானது. வைக்கோலில் பிணம்போல ஒரு பொம்மை கட்டி, பாவி செத்தான், இனி மழை வரும் என்று தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பின்னால் பெண்கள் மாரடித்து அழ வேண்டும். ஒப்பாரிக்கு உன்னை விட்டால் யார்? ஷிப்ட் முடித்து கம்பெனி கோட்டோடு வந்து நின்றாய். "பாவி மவனே, பாத்ரூம் போனாகூட வாட்ச்சப் பாத்தியே" என்று நம் சூப்பர்வைசரையும் பாட்டில் சேர்த்து அழுதாய். நான் துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "சிரிச்சி காரியத்தக் கெடுக்காதடி, அழுதுகினு வா" என்று இடுப்பில் கிள்ளினாய்.

மழைதான் இல்லையே என்ற தைரியம் எல்லோருக்கும். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போகிற ஓடையில், லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று பக்கத்துக் கம்பெனிக்காரன் மண்ணைக் கொட்டினான். ஊரில் ஒருத்தரும் தடுக்கவில்லை. "தண்ணியே இல்ல, ஓடை எதுக்கு?" என்றார்கள்.

ஐப்பசியில் வந்தது பார், மழையா அது? வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. போக வழியில்லாத ஏரித் தண்ணீர் நம் காலனிக்குள் நுழைந்தது. மதியம் ஷிப்ட் விட்டு முழங்கால் தண்ணீரில் நீ முன்னால், நான் பின்னால். "பாத்து வாடி, பள்ளம் கீது" என்று திரும்பிச் சொன்னாய். கம்பத்திலிருந்து தண்ணீரில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? அடுத்த அடியில் விழுந்தாய். உன்னைத் தூக்க ஓடிய என்னை யாரோ முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்கள்.

உன் சாவு வீட்டில் பேசினார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. "அவ அழுத அழுகைக்குத்தான் வானம் இப்படி ஊத்திச்சி" என்றார்கள். நரம்பில்லாத நாக்கு! ஓடையைத் தூர்த்தவன் மாலையோடு வந்தான், அவனுக்கு நாற்காலி போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே டிவியில் விளக்கம் சொன்னார்கள். அந்தக் கடல் சூடானால் நாட்டில் தென்மேற்கு மழை குறையுமாம். ஆனால் நம் பக்கம் பெய்கிற வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடத்தான் செய்யுமாம். முன்பே தெரிந்த விஷயம்தானாம். தெரிந்தவர்கள் ஆடியிலேயே அதையும் நம் காதில் விழுகிற மாதிரி சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஓடை இன்னும் மேடாகத்தான் கிடக்கிறது. திறந்து விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய்தான் வலிக்கிறது. "இப்ப மழையா பெய்யுது?" என்று அதே பதில்.

சாயங்காலம் ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். மறுபடியும் கொடும்பாவியாம். "அவதான் இல்லியே, அவகூடவே சுத்துனவ நீ, நீ வந்து அழு" என்றார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"வைக்கோலுக்கு அழ என்னால ஆவாதும்மா" என்றேன். "எனக்கு நெசமான சாவு ஒண்ணு கீது. அதையே இன்னும் அழுது முடிக்கல."