ரெனேயிடம் நான் சொன்ன பதில்

எஃப்ராயிம், யூட்டா
ஜூலை 5, 1978

அன்பு மகள் ஜனீலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், பாஸ்டனில் நீயும் அப்படியே இருக்க இரண்டு வேளையும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். வான்கோழிக் குஞ்சுகள் இந்த வருடம் அதிகம் சாகவில்லை, அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. என் மனசுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போன மாதச் செய்தி உனக்கும் எட்டியிருக்கும். கறுப்பர் இரத்தம் உள்ளவர்களுக்கும் இனி சபையின் மற்ற ஆண்களைப் போலவே ஆசாரியத்துவம் உண்டு, ஆலயத்துக்குள்ளும் வரலாம் என்று சால்ட் லேக்கில் நம் சபைத் தலைவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஊரே சந்தோஷத்தில் கட்டிப்பிடித்து அழுதது. எனக்கு எம்மெட் ரட்டின் முகம்தான் நினைவுக்கு வந்தது, அதைவிட அவன் மகள் ரெனேயின் முகம். உன் தோழியைப் பற்றி உனக்கே சொல்கிறேன், ஆனாலும் நான் செய்ததை என் கையாலேயே எழுதினால்தான் அடங்கும் போலிருக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் இங்கே பிஷப்பாக ஊர்ச் சபைக்குப் பொறுப்பில் இருந்தபோது எம்மெட், இறந்தவர்களுக்காகச் செய்யும் ஆலயப் பணிக்காகத் தன் முன்னோர் பெயர்களைத் தேடினான். அவன் பாட்டனாரின் தாய் மிசிசிப்பியில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண் என்று ஒரு தாளில் இருந்தது. அவன் மறைக்கவில்லை, நேரே என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். பார்க்காத மாதிரி திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் மேலே, சபைத் தலைமைக்கு, எழுதிக் கேட்டேன். அவன் ஆசாரியத்துவம் இனிச் செல்லாது, ரெனேக்கு ஆலயத்தில் கல்யாணம் கிடையாது என்று பதில் வந்தது. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. ஆலயத்தில் முத்திரையிடாத கல்யாணம் மறுமைக்கு நிற்காதே என்று மாப்பிள்ளை வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். ரெனே என் அறைக்கு வந்து, "நான் என்ன தப்பு செஞ்சேன் பிஷப்?" என்று கேட்டாள். எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னேன், பிறக்கும் முன் பரலோகத்தில் நடந்த போரில் நீ உறுதியாக நின்றிருக்கமாட்டாய், அதனால்தான் இந்த வம்சத்தில் பிறந்தாய் என்று. இருபது வயதுப் பெண்ணிடம் சொன்னேன். அதைக் கேட்டு அந்த வாரமே நீ பெட்டியைக் கட்டி வீட்டை விட்டுப் போனாய்.

செய்தி வந்த மறுநாள் எம்மெட் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் பம்பைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். உன் தலையில் நானே கைவைத்து ஆசாரியத்துவத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். நிமிராமலே, "வேணாம் வெர்ல். புது பிஷப் வைக்கட்டும். நீ கீழ உக்காந்து பாரு" என்றான். அவன் மனைவி நார்மா வாசலில் நின்று, "எங்ககிட்ட என்ன பேச்சு? தைரியம் இருந்தா எம் பொண்ணுகிட்ட பேசச் சொல்லு" என்றாள்.

பாய்ஸியில் ரெனே நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். என் பெயரைக் கேட்டதும் சிரித்தாள். "என்ன பிஷப், பொறக்கறதுக்கு முன்னாடி நான் செஞ்ச தப்ப மன்னிச்சுட்டாங்களா?" நீ ஒரு தப்பும் செய்யவில்லை அம்மா, தப்பு என்னுடையது என்றேன். "எங்கிட்ட ரகசியமா சொல்லி என்ன ஆகப்போவுது? எங்கப்பா தலைகுனிஞ்சது ஊருக்கு முன்னாடி. அங்க சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

புது பிஷப்பிடம் கேட்டால், "எல்லாரும் சந்தோஷமா இருக்கற நேரத்துல பழச ஏன் கிளறணும் பிரதர்?" என்கிறார். அம்மாவோ, "கடவுள் சொன்னாரு, இப்ப கடவுளே மாத்திட்டாரு. நடுவுல நீங்க யாரு?" என்கிறாள். அன்று சொன்னது கடவுள் என்றால் எனக்கு ஏன் இப்படிக் குடைகிறது? கடவுள் இல்லையென்றால் நான் யாருடைய வார்த்தையை அந்தப் பெண்ணின் தலையில் போட்டேன்?

போன ஞாயிறு உபவாச நாள், சாட்சி சொல்ல யாரும் எழுந்திருக்கலாம். எழுந்தேன். ரட் குடும்பத்துக்கு நான் செய்தது அநியாயம், ரெனேயிடம் நான் சொன்னது பொய், அதைப் பொய்யென்று இன்னும் மேலிருந்து யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்று சொல்லி ஆமென் என்று முடித்தேன். வழக்கப்படி திருப்பி ஆமென் சொல்ல வேண்டிய அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து நார்மாவின் குரல் ஒன்றுதான் ஆமென் என்றது, கோபமாக, உரக்க.

நான் சபையை விட்டே போய்விடுவேன் என்று பயந்து அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் போகமாட்டேன், அதை நீ அவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிச் சொல், நான் சொன்னால் அவள் நம்பவில்லை. ரெனே போன் செய்தால் நான் சபையில் எழுந்து பேசியதை நீ முந்திக்கொண்டு சொல்லாதே, அதை அவள் தன் அம்மா வாயால் கேட்கட்டும். பரலோகத் தகப்பன் உன்னைக் கைவிடாதிருப்பாராக. என்னை நீ மன்னிக்க வேண்டுமென்று கேட்கவில்லை, பதில் மட்டும் எழுது.

உன் அப்பா,
வெர்ல் ஜோர்கன்சன்