வாசல் மரத்துப் பேன்

மாசி 9

காலையிலேயே வெயில். பனி பெயருக்குத்தான். பங்களா முன்னால் நிற்கும் சைப்ரஸ் மரங்களைப் பார்க்கச் சொல்லி முதலாளி மிட்டாதார் ஆள் அனுப்பினார். ஏற்காட்டிலிருந்து வண்டியில் வந்த கன்றுகள், இப்போது இரண்டாள் உயரம். குளிர்மலை மரத்தைப் பொம்மிடி வெயிலில் நட்டுவிட்டு, ஏன் காய்கிறது என்று என்னைக் கேட்கிறார். நான் தோட்டக் கணக்கு எழுத வந்தவன். மெட்ரிகுலேஷன் படித்தவனுக்கு மரமும் தெரிந்திருக்க வேண்டுமாம்.

கேட்டை ஒட்டிய மரம்தான் மோசம். உள்பக்கமெல்லாம் பழுப்பு. கிளையைப் பிரித்தால் பேன், அப்பிக் கிடக்கிறது. இலை பிசுபிசு. கீழே கல்லில் செருப்பு ஒட்டுகிறது. தண்டில் எறும்புச் சாரை.

பங்குனி பிறந்ததும் கலெக்டர் டீ குடிக்க வருகிறாராம். அதற்குள் பச்சையாக வேண்டும்.

மாசி 11

தருமபுரியிலிருந்து விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர். இதற்கு அசுவினி என்று பெயராம். சொன்னதைக் குறித்துக்கொண்டேன்:

முதலில் தண்ணீரை வேகமாக அடித்துப் பேனை உதிர்க்க.
புகையிலை ஊறப்போட்டு, காய்ச்சி, வடிகட்டி, பார் சோப்பு கரைத்து பம்பால் பீச்ச. உள்கிளை விடக்கூடாது. வாரம் கழித்து மறுபடி.
பழுத்த கிளை வெட்டி எரிக்க.
அடிமரத்தில் கிரீஸ் துணி. பேன் கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. எறும்பு ஏறாவிட்டால் பாதி ஜெயம்.
மரத்தைத் தாகத்தில் விடக்கூடாது. வாடிய மரத்தைத்தான் பேன் ஒரு வழி பண்ணும்.

கடைசியைச் சொல்லும்போது சேரிப் பெண்கள் வெறுங்குடத்தோடு ரோட்டில் போனார்கள். ஊற்றுத் தண்ணீருக்கு ஆற்று மணலைத் தோண்டப் போகிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருப்பது பங்களா கிணற்றில் மட்டும். காவல்காரர் முனியப்பன் சொன்னார், "மரத்துக்குப் பேன் புடிக்குது. அவங்களுக்கு என்னா புடிக்குமோ." டிமான்ஸ்ட்ரேட்டர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

மாசி 13

புகையிலை வந்தாயிற்று. சோப்பு கிடைக்கவில்லை. ஜெர்மன் சண்டை வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் சரக்கு இல்லை என்று கடைக்காரனுக்கு ஒரே பதில்.

சாயங்காலம் ஒரு கூத்து. புல்லுக்கட்டு கொண்டுவரும் சேரிப் பொன்னி கேட்டுக்கு வெளியே நின்றாள். மரத்திலிருந்து கையில் ஒரு சொட்டு. நக்கிப் பார்த்தாள். அப்படியே மண்ணில் விழுந்தாள். ஆத்தா இறங்கிட்டா, ஆத்தாளுக்கு வேர்க்குது என்று ஒரே சத்தம். விளக்கு வைக்குமுன் மரத்துக்கு மஞ்சள் துணி.

மிட்டாதார் வீட்டு அம்மாள் கற்பூரத்தோடு ஓடி வந்தார். போன வருஷம் வைசூரியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். புருஷனுக்குப் பயமில்லை, மாரியாத்தாளுக்குப் பயம். ஆத்தாளுக்குத் தண்ணீர் ஊற்ற யார் வந்தாலும் தடுக்கக்கூடாது என்று உத்தரவு. யார் வந்தாலும்.

மாசி 15

கேட் திறந்தே கிடக்கிறது. சேரி மொத்தமும் வரிசையில். கிணற்றைத் தொட விடவில்லை. முனியப்பன் இறைத்து மேலிருந்து ஊற்றுகிறார், இவர்கள் தள்ளி நின்று குடம் ஏந்துகிறார்கள். ஆளுக்கு இரண்டு குடம். ஒன்றில் மஞ்சள் கரைத்து மரத்துக்கு. இன்னொன்று ஆத்தா தீர்த்தம் என்று வீட்டுக்கு. தீர்த்தத்தைக் கீழே வை என்று யார் சொல்வது?

பானகமும் ஊற்றுகிறார்கள். எறும்புக்குக் கொண்டாட்டம்.

அது பேன் கழிக்கிற நீர் என்று அம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்க படிப்பை எல்லாம் ஆத்தாகிட்ட காட்டாதீங்க தம்பி." மிட்டாதார் வராண்டாவில் பேப்பருக்குப் பின்னால்.

மாசி 18

தலைவலி. ராத்திரி தூக்கமில்லை.

வாசல் மரத்தில் நுனி கொஞ்சம் துளிர்க்கிற மாதிரி. பேன் அப்படியே இருக்கிறது, ஆனால் இத்தனை குடம் குடித்த மரம் தேறத்தானே செய்யும்.

பொன்னியைத் தனியாகக் கேட்டேன், நிஜமாகவே ஆத்தா என்று நினைத்தாயா என்று. புல்லுக்கட்டை இறக்கிவிட்டு நின்றாள்.

"அவரையில கூடத்தான் இந்தப் பேன் இருக்குதுங்க. நான் பாக்காததா?"

பிறகு ஏன் என்றேன்.

"ஆத்தா இந்த கேட்டுக்குள்ள எங்கள வுடணும்னா வேற எப்படிங்க வருவா? பல்லக்குலயா?"

சிரித்துக்கொண்டே போனாள். இவளுக்கு முன்னால் என் கோபமெல்லாம் வெறும் வாய்.

மாசி 22

சேலத்திலிருந்து சோப்பு. அம்மாள் அரூருக்கு, தங்கை வீட்டு வளைகாப்பு. அவர் வருமுன் முடி என்றார் மிட்டாதார்.

மஞ்சள் துணியை முனியப்பன் தொட மாட்டேன் என்றார். நான்தான் அவிழ்த்தேன். காலையிலிருந்து பம்பு அடித்தேன். கண் எரிச்சல், இரண்டு தரம் வாந்தி. பேன் மழை மாதிரி உதிர்ந்தது. கிரீஸ் துணி கட்டியாயிற்று. சமையல்கட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு சைப்ரஸ், அதிலும் பேன், அதற்குக் கஷாயம் போதவில்லை. வாரம் கழித்து மறுபடி அடிக்கும்போதுதான் அதற்கும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும்.

சம்பளம் வாங்குகிறவன். வேறென்ன எழுத.

மாசி 24

சொட்டு நின்றுவிட்டது. மிட்டாதார் மரத்தடியில் கையை நீட்டிப் பார்த்தார். "ஆத்தா மலையேறிட்டா" என்றார். கேட்டுக்குப் பூட்டு. அம்மாள் ஊரிலிருந்து வந்ததும் அவரிடமும் இதையே சொன்னாராம். அவரும் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மரங்கள் தாகத்தில் இருக்கக்கூடாது அல்லவா. காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்துக்கும் குடம் குடமாக முனியப்பன் ஊற்றுகிறார். கேட்டுக்கு வெளியே பெண்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் போனார்கள்.

மாசி 26

புழுக்கம். மேகம் இல்லை.

பொன்னி புல் கொண்டுவரவில்லை. அவள் மகளுக்கு நேற்றிலிருந்து பேதி என்றார் முனியப்பன். மணல் ஊற்றும் வற்றிவிட்டது, அடியில் சேறுதான் வருகிறதாம். அதைத்தான் குடிக்கிறார்கள்.

மிட்டாதார் கூப்பிட்டு முதுகில் தட்டினார். கலெக்டரிடம் என் பெயரைச் சொல்வாராம்.

மாசி 27

விடியுமுன் எழுந்தேன். பின்பக்க மரத்தில் இன்னும் மருந்து படவில்லை. பேன் நன்றாக அப்பியிருந்த கிளைகளாகப் பார்த்து ஒரு கைப்பிடி வெட்டினேன். வாசல் மரத்தின் உள்கிளைகளில் செருகி, வாழைநாரால் கட்டினேன். வெளியே தெரியாது. கிரீஸ் துணியை அவிழ்த்துச் சாக்கடையில் போட்டேன்.

முனியப்பன் கேட்டடியில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பார்த்தார். சமையல்கட்டுப் பக்கம் போய், கொஞ்சம் வெல்லம் கொண்டுவந்து அடிமரத்தில் வைத்தார்.

எறும்பு ஏறுகிறது.