கையில் இடமில்லாத ஞாயிற்றுக்கிழமை

அப்பா,

நேற்றுச் சாயங்காலம் என் மகன் தன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றபடி, "ம்மா, கேட்டத் தெறங்க, கையில எடமில்ல" என்றான். இரண்டு கையிலும் விரலுக்கு ஒன்றாகப் பை தொங்கியது. பூனைக்காது வைத்த தலைப்பட்டை, முயல் முகம் போட்ட தண்ணீர்ப் புட்டி, கட்டைவிரல் அளவில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து. பிள்ளைகளைவிட அவன் முகத்தில்தான் சிரிப்பு அதிகம். கேட்டைத் திறந்துவிட்டேன். பையை வாங்கவில்லை. "ஒரு பையையாச்சும் புடிக்கக் கூடாதா" என்று முனகிக்கொண்டே உள்ளே போனான்.

ஏன் வாங்கவில்லை என்று அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், கோணல்மாணலாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வீட்டுக்கு ஒருத்தி வேண்டும் என்று என்னை நிறுத்தினது நீங்கள். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாள், முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அக்காவுக்குப் பதின்மூன்று, எனக்கு ஒன்பது. காஜா பெராங்கில் நாம் இருந்த பலகை வீட்டில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் பேசினார். அக்கா கிணற்றடியில் இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"உங்கக்கா இன்னிக்கித் தட்டோட வர்றாங்களாம். பெரியவளுக்கு மேல படிக்கப் பள்ளிக்கூடத்துல எடம் கெடச்சிருக்கு. நீங்க அந்தத் தட்ட வாங்குனீங்கன்னா, ரெண்டையும் இழுத்துக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

நீங்கள் தோசையைப் பிய்த்தீர்கள், தின்னவில்லை.

புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்து அத்தை உங்களுக்கு வெறும் அக்கா இல்லை. மூன்று வயதில் தாயை இழந்த உங்களை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் மகனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த மகன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சாதுவான மனிதர். அக்கா பெரியவளாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அத்தைக்கு அது போதும். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், பூ. அதை இரண்டு கையாலும் வாங்கிவிட்டால் பெண் அவர்களுடையது, பிறகு வாயால் மறுக்க நம் ஆட்களிடம் வழி கிடையாது. பெரியவர் நீட்டும் தட்டை, கை சும்மா இருக்கும்போது வாங்காமல் நிற்கவும் வழி கிடையாது. நீங்களோ அத்தையிடம் பிறந்ததிலிருந்து 'மாட்டேன்' என்று ஒரு சொல் சொன்னதில்லை.

தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தீர்கள். "வாங்க புள்ளைங்களா, கடைக்குப் போவம்" என்றீர்கள்.

அக்கா துள்ளினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அத்தை வரும் நேரம் பார்த்து ஓடி ஒளிகிறீர்கள் என்று நான் நினைத்தேன்.

புங்கா ராயா கடைத்தெருவில் மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் இறங்கித் தொங்கின. எப்போதும் எங்களைக் கூட்டிப்போகிற மாதிரியேதான் முதல் கடைக்குள் நுழைந்தீர்கள். டவுன் போர்டில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற கை உங்களுடையது. விரலெல்லாம் வெடிப்பு. ரிப்பனைத் தொட்டால் நூல் சிக்கிக்கொள்ளும். அந்தக் கையால் ஒவ்வொரு ரிப்பனையும் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, "ரோசா நல்லாருக்கா, ஊதா நல்லாருக்கா, சொல்லு பெரியவளே" என்று தலைபோகிற காரியம்போல் கேட்டீர்கள். அக்காவுக்கு இரண்டுமே வாங்கினீர்கள். எனக்கு ஒன்று. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த கடையில் சாவி கொடுத்தால் நடக்கிற தகர வாத்து. மேசைமேல் விட்டீர்கள். அது தலையை ஆட்டிக்கொண்டு ஓரம்வரை நடந்தது, விழுமுன் பிடித்தீர்கள். மறுபடியும் சாவி கொடுத்தீர்கள். ஐந்து தடவை. விளையாடப்போவது பிள்ளையா நீயா என்று கடைச் சீனர் மலாயில் கேட்டார். நீங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள். "அதோட நடையப் பாரேன் சின்னவளே, ஒங்க ஸ்கூல் பெரிய டீச்சர் மாரியே இல்ல?"

நான் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு மணி பார்க்கத் தெரியும். பன்னிரண்டு அடிக்கப் போகிறது.

"ப்பா, அத்த வந்திருப்பாங்க."

"இன்னும் ஒரு கடை."

இப்படி எத்தனை 'இன்னும் ஒரு கடை'. மீன் வடிவத்தில் ஒரு கண்ணாடி. தகரத்தில் குட்டிக் குட்டித் தேநீர்க் கோப்பைகள். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிற காகிதக் குடை. வழக்கமாக அவரவர் பொட்டலத்தை அவரவர்தான் தூக்குவோம். அன்று ஒன்றையும் தரவில்லை. "வாத்த மட்டும் குடுங்கப்பா" என்று கெஞ்சினேன். "வேணாம், நானே தூக்கறேன்" என்றீர்கள். வழியெல்லாம் உம்மென்று நடந்தேன்.

வீட்டை நெருங்கும்போது இரண்டு மணி. பக்கத்து வீட்டு மலாய்க்காரச் சிட்டி அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வராது. உங்களைப் பார்த்து, "மாவ் காவின் கா?" என்று சிரித்தார். என்ன, கல்யாணமா என்று கேட்கிறார். உங்கள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

அத்தை கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ. நாம் உள்ளே போனதும் பாயில் இருந்த தட்டை எடுத்து நீட்டினார்.

"வாடா தம்பி. அக்கா வந்து காத்துக்கெடக்கேன். புடி."

அடுக்களை வாசலில் அம்மா செம்போடு நின்றார். அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

நீங்கள் இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக் காட்டினீர்கள். பொட்டலம், பொட்டலம், கக்கத்தில் ஒரு பொட்டலம்.

"கையில எடமில்லக்கா."

அத்தை தட்டை இறக்கவில்லை. அப்போது நான் செய்ததை நானே சொல்லிவிடுகிறேன். அக்காவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து உங்கள் கையிலிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக வாங்கி என் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். பெரியவர்கள் சுமையோடு நின்றால் ஓடிப்போய் வாங்க வேண்டும் என்று பழக்கியிருந்தீர்கள். அத்தை முன்னால் நல்ல பிள்ளையாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். அதெல்லாம் பாதிதான். எனக்கு வாத்து வேண்டும்.

நீங்கள் விரலை விடவில்லை. நான் இழுத்தேன். விட்டீர்கள்.

அத்தை சிரித்தார். "சின்னவ சமத்து. இப்பக் கை சும்மாத்தான இருக்கு. வாங்குடா."

உங்கள் வெறும் கையைப் பார்த்தேன். அது பாதி எழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் நீங்கள் குனிந்து, ஒன்பது வயதுப் பெண்ணை, பொட்டலங்களோடு சேர்த்து அப்படியே வாரித் தூக்கினீர்கள்.

"காலையிலேர்ந்து நடந்திருக்கா அக்கா. காலு வலிக்குதாம்."

"வலிக்கலப்பா" என்றேன்.

"வலிக்கும்" என்றீர்கள்.

"எறக்கி விடு அவள."

"தூங்கட்டும்க்கா."

"முழிச்சிக்கிட்டுல்ல இருக்கு."

உங்கள் பிடி இறுகியது. வாத்தின் சாவி என் வயிற்றில் குத்தியது. அந்த வயதில் என்னைக் கைக்குழந்தைபோல் எல்லார் முன்னாலும் தூக்கி வைத்திருக்கிறீர்களே என்று அவமானமாக இருந்தது. அத்தை தட்டை நீட்டியபடி நின்றார். நீங்கள் என்னைத் தூக்கியபடி நின்றீர்கள். யார் கை முதலில் சோரும் என்று இரண்டு பேரும் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அதில் அக்காவின் ஆயுசு இருந்தது.

அத்தையின் கைதான் முதலில் இறங்கியது. தட்டைத் தன் துணிப்பையில் வைத்துக் கட்டினார்.

"ஒனக்கு ஊட்டுன கையிடா இது. இது குடுக்கறத வாங்க ஒனக்குக் கையில்ல."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா நீட்டிய தண்ணீரைத் தொடாமல் போனார்.

பிறகு தீபாவளிக்குத் தீபாவளி நீங்கள் சேலை எடுத்துக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்குப் போனீர்கள். அத்தை இரண்டு கையிலும் ரப்பர்பால் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். சேலையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் திரும்பி வருவீர்கள். அதற்காகவே அத்தை செத்தபோது நான் போகவில்லை. நீங்கள் போய் வெளியிலேயே நின்றுவிட்டு வந்தீர்கள். அக்கா படித்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், இன்று கிளேபாங்கில் தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது எனக்காக நீங்கள் யாரையும் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கடைசிவரை கேட்கவில்லை. அன்று திட்டம் போட்டுத்தான் அத்தனையும் வாங்கினீர்களா, ஆசையில் வாங்கினீர்களா? வெகுநாள் யோசித்தேன். கையை நிரப்ப மட்டும் என்றால் சந்தையில் இரண்டு பூசணிக்காய் போதும். வாத்துக்கு ஐந்து தடவை சாவி கொடுத்திருக்க மாட்டீர்கள். பயத்திலும் உங்களுக்கு அந்த நடை பிடித்திருந்தது.

நீங்கள் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாத்தின் சாவி துருப்பிடித்து ஒட்டிவிட்டது, தலை மட்டும் இன்னும் ஆடுகிறது. நேற்று கேட்டைத் திறந்தபோது என் கை தானாகப் பைகளை வாங்க நீண்டது. பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டேன். கை நிறைய வைத்துக்கொண்டு நிற்கிற மனிதரிடமிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் எதையும் வாங்கினதில்லை.

"நீயே தூக்கிக்கிட்டு வாடா" என்றேன்.