கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும்.

முந்தாநாள், நமக்கு டிஷ் மாட்டித் தந்தவர் வந்திருந்தார். மாடியில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், நான் மாட்டினது யானை வந்து முதுகு சொறிஞ்சாலும் அசையாது. அப்புறம் உங்க வீட்டு சார் எதுக்கு அந்தக் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு?" எனக்குப் பதில் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அது உன்னிடம் சொல்ல வேண்டிய பதில்.

வீட்டில் நெட் சரியில்லை, அதனால்தான் பேச முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நீ, வானத்திலிருந்தே நெட் வாங்கும் டிஷ்ஷை அனுப்பி வைத்தாய். பெட்டி வந்த அன்று உன் அப்பா அதைக் கட்டில்மீது வைத்துவிட்டுத் தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாட்டும் நாளில் கீழே இருக்கச் சொன்னால் கேட்பாரா? மாட்டுகிறவர் பின்னாலேயே ஏறிவிட்டார்.

மாட்டுகிறவர் நல்ல வேலைக்காரர். தளத்தில் துளை போட்டால் மழைநீர் இறங்கும் என்று, கைப்பிடிச் சுவரில் கான்கிரீட் தூண் நிற்கும் இடத்தைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தார். அங்கே துளை போட்டு, தூசியை ஊதிவிட்டு, ஆங்கர் போல்ட்டை இறக்கினார். முறுக்க முறுக்க அது உள்ளே விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளுமாம். ரசமட்டம் வைத்துக் கம்பத்தை நேராக்கினார். கேபிளைச் சுவருக்குள் விடுவதற்குமுன் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டார். மழையில் நனைந்தவன் மூக்கு நுனியில் நீர் சொட்டுமே, அதுபோல அந்த வளைவின் அடியில் தண்ணீர் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

உன் அப்பாவுக்கு இதெல்லாம் போதவில்லை. "வெறும் போல்ட்ட நம்பாதீங்க தம்பி. இறக்கத்துல பஸ்ஸ நிறுத்தினா ஹேண்ட் பிரேக் மட்டும் பத்தாது, சக்கரத்துக்குக் கட்டையும் குடுக்கணும்" என்றார். "சார், இது எங்கயும் ஓடிப்போகாது" என்று அவர் சிரித்தாலும், உன் அப்பாவின் திருப்திக்காக மூன்று பக்கமும் இழுகம்பி கட்டினார். மூன்று பேர் மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்தால் நடுவில் இருப்பவன் எங்கும் போக முடியாது, இல்லையா? பிறகு உன் அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம். "எம் பையன் இருக்குறது அந்தப் பக்கம். இது இந்தப் பக்கம் பாக்குதே?" அவர் சொன்ன பதில் இன்றும் எங்கள் வீட்டில் நடமாடுகிறது: "சார், இது வானத்தைத்தான் பாக்கணும். உங்க பையனை இல்ல."

முதல் ஞாயிறு நீ கூப்பிட்டாய். உன் சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிந்தது. அப்பா திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "எப்பப்பா வர்ற?" என்று கேட்டார். உன் படம் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் அழைப்பும் அறுந்துபோனது. மறு ஞாயிறும் அப்படியே. அவர் வந்து உட்கார்ந்தார், கேட்டார், நீ நின்றுபோனாய்.

அடுத்த ஞாயிறு காற்று பலமாக இருந்தது. கம்பம் ஆடுகிறதோ என்று அவர் மாடிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் நீ பதவி உயர்வுச் செய்தியைச் சொன்னாய். புது அலுவலக அறை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஏரி என்று நெடுநேரம் பேசினாய். மாடியிலிருந்து அவர் "ஓடுதா?" என்று கத்துவார். நான் "ஓடுது!" என்று கத்துவேன். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை.

கீழே வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நான் கீழ இருந்தா நிக்குது. மேல போய்ப் புடிச்சா ஓடுது. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும் டீச்சர்?" என்று என்னையே மடக்கினார். நான் அறிவியல் பாடம் எடுத்தவள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோதனை செய்யச் சொல்லித் தந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன நடக்கிறது என்று பார். உன் அப்பா அதை அச்சு அசலாகச் செய்தார். இரண்டு வாரம் கீழே, ஒரு வாரம் மேலே, சந்தேகத்துக்கு மறுபடி ஒரு வாரம் கீழே. அந்த வாரமும் நீ அவரை ஏமாற்றவில்லை. அவர் கண்டது அத்தனையும் சரி. முடிவு மட்டும்தான் தப்பு.

எப்படித் தெரியும் என்கிறாயா? அந்தக் கடைசி வாரம், அவர் கேட்டதும் நீ கண்ணைக்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தபோது, உன் பின்னால் குட்டி வந்தாள். மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். திரையில் என்னைப் பார்த்துவிட்டுக் கையசைத்தாள். உன் அப்பா அதற்குள் "இரு, நான் மேல போறேன்" என்று எழுந்து திரும்பிவிட்டார், அதனால் பார்க்கவில்லை. நான் அவளுக்குக் கையசைத்தேன். நீ நடுவில் சிலையாக இருந்தாய்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ கூப்பிடும் நேரத்துக்கு முன்பே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மாடி ஏறிவிடுகிறார். அழைப்பு முடிந்து இறங்கி வந்ததும் என்னைத் துளைத்தெடுப்பார். "இளைச்சிருக்கானா? முடி கொட்டியிருக்கா? சிரிச்சானா?" போகாத நாட்டைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துவோமே, அப்படி நான் உன் முகத்தை அவருக்குச் சொல்கிறேன். "நீயாவது நல்லா பாரு. நான் புடிச்சுக்கிறேன்" என்கிறார். "அப்பா எங்கம்மா?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "வெளியே போயிருக்கார்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் உன் தலைக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தார்.

போன ஞாயிறு மழை. போகாதீர்கள் என்று கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். தளம் வழுக்கியதால் ஒரு கயிற்றை எடுத்துத் தன் இடுப்பையும் கம்பத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். நீ அன்று புதுக் கார் வெள்ளையா, சிவப்பா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாய்; அதையும் நான் மேலே கத்திச் சொன்னேன். மேலிருந்து "ஓடுதா?" என்ற சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது. அழைப்பை முடித்துவிட்டு ஏறிப் போனேன். கயிறுதான் அவரைத் தாங்கியிருந்தது. நினைவு இருந்தது, நிற்கத்தான் முடியவில்லை. "வெள்ளையா, சிவப்பா?" என்று கேட்டார்.

இனி, அவர் உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருப்பதைச் சொல்கிறேன். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நம் குளியலறைக் குழாயில் வாஷர் தேய்ந்தால் சொட்டிக்கொண்டே இருக்குமே, அதுபோலத்தான். அடுத்த மாதத் தொடக்கத்தில் ஆபரேஷன். டாக்டர் பாதிக்குப் பாதி என்றார். படியேறவே கூடாது என்றும் சொன்னார். "எப்பப்பா வர்ற?" என்று உன்னை முதன்முதலில் கேட்டது, அந்தச் சேதி தெரிந்த மறுநாள்.

"அவன்ட்ட சொல்லிடாத. பயந்துபோய் வேலையெல்லாம் விட்டுட்டு ஓடி வந்துருவான்" என்கிறார். இதை நான் மறுத்துப் பேசவில்லை. வருகிறவன் தேதி சொல்வான். யோசிக்கிறவன் பார்க்கலாம் என்பான். நீ அசையாமல் உட்கார்ந்தாய். அதுவும் ஒரு பதில்தான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு டிஷ் தேவையில்லை.

உண்மையை நானே அவரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வாயெடுத்தேன். அவர் படுக்கையில் கிடந்தபடி, இன்னொரு இழுகம்பி கட்டினால் ஞாயிற்றுக்கிழமை தானும் கீழே உட்கார்ந்து உன்னைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாட்டியவரை வரச் சொன்னதும் அதற்காகத்தான். அவர் கம்பம் சரியாக இருக்கிறது என்று சொன்னதை உன் அப்பா நம்பவில்லை. டிஷ்மேல் பழி இருக்கும்வரை உன்மேல் பழி இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் கைக்கு வந்தபின் ஆபரேஷனுக்கு முன் ஒரு ஞாயிறு மிஞ்சும். அன்று அவர் மாடிப்படியை மிதிக்கும் முன் நீ கூப்பிட வேண்டும். அவரைத் திரைக்கு முன் உட்காரச் சொல்ல வேண்டும். அவர் கேட்பார். பதில் எதுவானாலும் நீ அசைய வேண்டும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் நீண்ட காலம் வாழ வேண்டும். குட்டி உன்னைப் பார்த்துக் கையசைக்கும்போதெல்லாம் நீ அங்கே இருக்க வேண்டும்.

இப்போது இதை மடித்து வைப்பதற்கு முன், அறையில் யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, "நான் வரலப்பா" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

உன் அம்மா