தொப்பையின் வலது கண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும், அன்று போனில் கேட்ட இருமல் இன்னும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார், சொந்த வைத்தியம் வேண்டாம். அப்பா மாடிக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி இரண்டு நாள் வீட்டில் தண்ணீர் இல்லாமல் செய்தார், பிளம்பர் வந்து சிரித்துவிட்டுப் போனார். என் கால்நடை ஆஸ்பத்திரியில் எப்போதும்போல் கூட்டம், புதன்கிழமை கல்லூரியில் வகுப்பும் உண்டு. போன வாரம் கண் சுரப்பிகள் நடத்தினேன். எலிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி, எலி நொந்துபோனால் அதிலிருந்து சிவப்பாக வடியும், பிள்ளைகள் ரத்தம் என்று பதறுவார்கள். கடலாமை அழுகிறது என்பார்கள், அது உடம்பில் மிஞ்சிய உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். பாம்புக்கு இமையே இல்லை, கண்மேல் மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலுக்கு அடியிலேயே கண்ணீர் ஓடி வாய்க்குள் இறங்கிவிடும். நாய்க்கு ஒரு கண்ணுக்கு இரண்டு சுரப்பி, ஒன்று மேலே, இன்னொன்று மூக்கோரம் ஒளிந்திருக்கும் மூன்றாவது இமையில். இந்த இடத்தில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், மேலதான் ஒண்ணு இருக்கே, கீழ உள்ளதை எடுத்துட்டா என்ன?" என்று கேட்டாள். கண்ணீரில் கிட்டத்தட்டப் பாதி அதிலிருந்துதான் வருகிறது, பிதுங்கினாலும் உள்ளே வைத்துத் தைக்க வேண்டுமே தவிர வெட்டக் கூடாது என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் நம் தொப்பையின் நினைவு வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலைக்குப் போன மறுமாதம் உன் நாய் தொப்பையின் வலது கண்ணில் சிவப்பாக ஒரு உருண்டை பிதுங்கியது, சின்னக் கட்டி, எடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். அது கட்டி இல்லை, அந்தச் சுரப்பிதான். தைக்க முக்கால் மணி நேரம், வெட்ட ஐந்து நிமிடம். வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள், வீட்டு நாய்தானே என்று வெட்டினேன். வேறு யாருடைய நாயாக இருந்தாலும் தைத்திருப்பேன். மூன்று வருஷத்தில் கண் காய்ந்து, கருவிழிமேல் பழுப்பாகப் படலம் ஏறிவிட்டது. வயசுக் கோளாறு என்று உன்னிடம் சொன்னது பொய். இப்போது மருந்தும் கேட்கவில்லை, கண்ணீரை அளக்க இமைக்குள் வைக்கும் சோதனைக் காகிதம் ஒரு நிமிடத்தில் பதினைந்து மில்லிமீட்டர் நனைய வேண்டியது, இரண்டுதான் நனைந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

இனி ஒரே வழி. கன்னத்து எச்சில் குழாயைத் திருப்பிக் கண்ணில் கொண்டுவந்து விடலாம், எச்சிலே கண்ணீராக நனைக்கும். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே கண்ணில் நீர் வழியும், அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக வந்தால் மிச்சப் பார்வை நிற்கும், வராவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். சும்மா விட்டால் சில மாதத்தில் அந்தப் பக்கம் இருட்டுதான். அப்பா, "அவகிட்ட சொல்லாமலே செஞ்சிடு, எதுக்கு அவ மனசைக் கஷ்டப்படுத்தணும்" என்றார். முதல் தடவை அப்படித்தான் செய்தேன். நாய் உன்னுடையது, செய்யலாமா வேண்டாமா என்று நீ சொல். சரி என்றால் கல்லூரிக் கண் டாக்டர் செய்வார். நான் அறைக்குள் போக மாட்டேன், வெளியே பெஞ்சில் நாய்க்காரர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டு, பதிலை மட்டும் தள்ளிப்போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு.

உன் அம்மா