திறக்காத கோப்பும் ரெட்டிபாளையத்துப் பெண்களும்

உன் மகள் கொடுத்த பென் டிரைவ் என் மேசையில் கிடக்கிறது. உன் முதலாமாண்டு நினைவு நாளுக்கு உன் கட்டுரைகளைப் புத்தகமாகப் போட அவளுக்கு ஆசை. சுண்ணாம்புக்கல் உடைத்த பெண்களைப் பற்றி நீ கடைசியாக எழுதியது மட்டும் திறக்கவில்லை.

"வேற காப்பி இல்ல மாமா. அரியலூர்ல ஒரு கடையில குடுத்தேன். ஃபைலு செத்துப்போச்சுன்னுட்டாங்க" என்றாள்.

கோப்பின் உள்ளே பார்க்க உதவும் மென்பொருளைத் தேடி உட்கார்ந்தேன். பெரம்பலூரில் நாம் செய்தி தட்டிய கம்ப்யூட்டர் சென்டர் நினைவுக்கு வந்தது. வேறுவேறு பத்திரிகை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ ஒருநாள் ஒரு கோப்பின் பெயருக்குக் கடைசியில் இருந்த எழுத்துகளை மாற்றி, அதைப் பொட்டலம்போலப் பிரித்துக் காட்டினாய். உள்ளே எழுத்து ஓரிடத்தில், படங்கள் இன்னோரிடத்தில் இருந்தன.

"நியூஸ் எழுதுறவனுக்கு இது எதுக்குய்யா?" என்றேன்.

"ஊர்ல எல்லா வூட்டு விவகாரத்தையும் நீ பிரிச்சுப் பாக்குற. நான் என் ஃபைலப் பிரிச்சா மட்டும் உனக்கு ஏன்யா வலிக்குது?"

அந்த வழி இந்தக் கோப்பில் பலிக்கவில்லை. பல விளம்பரங்களைத் தாண்டி, சிதைந்த கோப்பையும் பகுதி பகுதியாக விரித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. கட்டுரை முழுதாக இருந்தது. அதிலிருந்த ஒரே படம் வெறும் சாம்பல் நிறமாக வந்தது. படத்தைக் கட்டுரைக்குள் ஒட்டிவிட்டு மூலத்தை அழித்துவிடும் உன் பழக்கத்தை எத்தனை முறை திட்டியிருப்பேன். படக்குறிப்பு மட்டும் தப்பியிருந்தது. இடமிருந்து வலம், ஐந்து பெண்களின் பெயர்கள்.

படத்தை மறுபடி எடுக்க, அந்தப் பெயர்களோடு அவர்களுடைய ஊரான ரெட்டிபாளையம் போனேன். டீக்கடையில் விசாரித்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"பேரு கேட்டு, இனிஷியலும் கேட்டாரே, அந்த சாருங்களா? ரேஷன் கார்டுல பேரு சேக்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சோம்" என்று செல்லம்மா சிரித்தார்.

உன் குறிப்பில் இருந்த அதே வரிசையில் நிற்கச் சொன்னேன். பழைய படத்தில் மூன்றாவதாக நின்ற அஞ்சலை போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாராம். மற்றவர்களை நெருங்கி நிற்கச் சொன்னேன்.

"வேணாங்க. அது அவ இடம். அப்படியே எடுங்க" என்றார் செல்லம்மா.

அப்படியே எடுத்தேன். படத்தில் நால்வர். நீ எழுதிய குறிப்பிலிருந்து மூன்றாவது பெயரை நான் எடுக்கவில்லை. அஞ்சலையின் மறைவை மட்டும் கீழே ஒரு வரியாகச் சேர்த்தேன். உன் மகள் வாசித்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் படம் எடுத்ததும் ஓரத்தில் நிற்பவரிடம்தான் முதலில் பெயர் கேட்கிறேன். கூட வருகிறவர்கள் பஸ் போயிடும் என்கிறார்கள். இனிஷியலையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.